அளத்துப் பிள்ளைகள் நிழல் சங்கம்

எங்க சங்கத்துக்குப் பேரு வைக்கிறதுக்கு முன்னாடியே நிழல் வந்துருச்சு. பேரு வச்சது பின்னாடி, போர்டு எழுதினது அதுக்கும் பின்னாடி, அந்தப் போர்டையும் ஒரு ஆடிக் காத்து தூக்கிட்டுப் போய்க் கடல்ல போட்டுருச்சு, இப்போ போர்டு இல்லாமத்தான் சங்கம் நடக்குது. வெளியூர்லேர்ந்து கார் போட்டு வந்து, "எப்படிம்மா ஆரம்பிச்சீங்க, என்ன நோக்கத்துல ஆரம்பிச்சீங்க"ன்னு கண்ணாடியைத் துடைச்சுக்கிட்டே கேக்கிறவங்களுக்கு நான் சொல்லுதது இதுதான்: நோக்கமும் கிடையாது ஒண்ணும் கிடையாது, ஒரு பிள்ளை தூங்கிருச்சு, அதை எழுப்ப ஒருத்திக்கு மனசு வரல. அவங்க நம்ப மாட்டாங்க. நம்பாட்டி போங்க, எனக்கு அடுப்புல சுண்டல் கிடக்கு.

தூத்துக்குடிக்குத் தெக்க, ரோடும் கடலும் ஒண்ணையொண்ணு நெருங்கி வார இடத்துல இருக்கு எங்க உப்பளம். கண்ணு எட்டின மட்டும் வெள்ளை, அந்த வெள்ளையில பட்டு வெயில் கீழேர்ந்தும் அடிக்கும், மேலேர்ந்தும் அடிக்கும். உப்பு மண்ணுல புல்லே முளைக்காது, மரம் எங்க முளைக்க. விடியுமுன்னே வந்து பாத்தியில இறங்குற பொம்பளைக, உப்பை இழுத்து வரப்புல குவிச்சு, பெட்டியில அள்ளித் தலையில சுமந்து, கரையில மலையாக் கிடக்கிற அம்பாரத்துல கொட்டிட்டுத் திரும்பி, மறுபடி அள்ளி, மறுபடி சுமந்து, அப்படியே உச்சிப்பொழுது ஆகுற மட்டும் அவளுக பெத்த பிள்ளைக வரப்புல கிடக்கும், கருவாட்டைக் காயப் போட்ட மாதிரி. ஓலையில பந்தல் போட்டுப் பாத்தாங்க. எத்தனை தடவை போட்டாலும் காத்து அத்தனை தடவையும் பிச்சு எறிஞ்சுரும்.

அந்தப் பிள்ளைகள்ல ஒருத்திதான் பவளம். சீனியம்மா மக. பிறந்ததுலேர்ந்து அவளுக்கு வெயில் ஆகாது, வெயில் பட்ட இடம் கொப்புளிச்சுத் தோல் உரிஞ்சுரும். டாக்டர் பார்த்துட்டு, "வெயில்ல விடாதீங்க"ன்னு சொல்லி அனுப்பிட்டாரு, அளத்துல வேலை பாக்கிறவகிட்ட போய் வெயில்ல விடாதன்னா அவ என்ன செய்வா? புருசன் செத்துப் போனான், வீடோ தகரக் கொட்டகை, பூட்டிட்டு வந்தா உள்ள பிள்ளை வெந்துரும். அதனால சீனியம்மா இருட்டோட பிள்ளையத் தூக்கிட்டு வந்து, கோழியக் கவுக்கிற மாதிரி பெரிய உப்புப் பெட்டியைக் கவுத்து அதுக்குள்ள வச்சுருவா. வேலை முடிஞ்சாலும் போக முடியாது, பொழுது அடையுற வரைக்கும் பெட்டிப் பக்கத்துல உக்காந்திருந்து, இருட்டினப்புறம்தான் வீட்டுக்குப் போவா. அந்தப் பெட்டிக்குள்ளேர்ந்து பாட்டுச் சத்தம் கேக்கும். அளத்துக்குப் போன அன்னைக்கு நான் முதல்ல கேட்டது அந்தப் பாட்டைத்தான்.

நாங்க அங்க போனது ரெஜினாவால. ரெஜினா எங்க தெருவுல தையல் கடை வச்சிருக்கா, வாய் திறந்து பேச மாட்டா, வாயில எப்பவும் ரெண்டு குண்டூசி இருக்கும். ஒரு நாள் உப்பு லாரி போறதைப் பாத்துட்டு, "பிச்சம்மாக்கா, அந்தப் பிள்ளைகளுக்கு ஏதாவது அவிச்சுக் கொண்டுபோவோமா"ன்னா. எனக்குத் தர்மம் கிர்மம் எல்லாம் ஒத்துவராது, ஆனா சுண்டல் அவிக்க வரும். லாரியில மூட்டை ஏத்துற மாடசாமி எங்களை முன்னாடி ஏத்திக்கிட்டான். ஆளு அரைக் கதவு அகலம் இருப்பான், சிரிச்சா லாரியே ஆடும். தெருப் பொம்பளைக நாலஞ்சு பேரு முறை போட்டுக்கிட்டு தினம் காலையில லாரியில போறது, சுண்டலைக் கொடுக்கிறது, முந்தானையை விரிச்சுப் பிடிச்சுக்கிட்டுப் பிள்ளைகளுக்கு நிழலா நிக்கிறது, அதே லாரியில திரும்புறதுன்னு ஆச்சு. ரெஜினா முறை வாரப்பெல்லாம் பவளத்தைப் பெட்டியிலேர்ந்து வெளிய எடுத்துத் தன் நிழலுக்குள்ள உக்கார வச்சுக்குவா, சூரியன் நகர நகர இவளும் நகருவா.

ஒரு நாள் லாரி ஹாரன் அடிச்சுருச்சு. பவளம் ரெஜினா நிழல்ல நல்லாத் தூங்கிட்டிருந்தா. சீனியம்மா பெட்டியோட ஓடி வரா. ரெஜினா ஒரு தடவை பிள்ளையப் பாத்தா, ஒரு தடவை லாரியப் பாத்தா, மெதுவா ஒரு எட்டு பின்னால வச்சா, அப்புறம் வந்து லாரியில ஏறிட்டா. எங்க தெருவுல இறங்கி நடக்கையில கறிக்கடைக்காரர் கத்தியை நிறுத்திட்டு, "எக்கா, உங்க நிழலக் காணமே"ன்னாரு. ரெஜினா குனிஞ்சு பாத்துட்டு, ஊசியை வாயிலேர்ந்து எடுத்துட்டு, "அங்கயே விட்டுட்டு வந்துட்டேன், பிள்ளை தூங்குது"ன்னு சொல்லிட்டுக் கடையைத் திறந்தா. அன்னைக்கு எனக்கு ரவிக்கை கொடுக்கணும், சொன்னபடி கொடுத்துட்டா.

மறுநாள் போய்ப் பாத்தா, அது அப்படியே கிடக்கு. தரையில விரிச்ச மாதிரி, ரெஜினாவோட ஒல்லி உருவம், கொண்டை கூடத் தெரியுது. அதுக்கு மேல உக்காந்தா வெயில் இறங்காது, உள்ள ஒரு குளுமை, மண்பானைத் தண்ணியத் தொட்ட மாதிரி. நான் கையை வச்சுப் பாத்துட்டுக் கன்னத்துல போட்டுக்கிட்டேன். ரெஜினா போய் அதோட குதிகாலோட குதிகாலைச் சேர்த்து நின்னா, ஒட்டிக்கிச்சு, விலகி வந்தா கூடவே வந்துச்சு. சாயங்காலம் இன்னொரு லாரி போகும், அதுல போய் எடுத்துட்டு வந்துரலாம்னு அப்போதான் எங்களுக்குப் புரிஞ்சுது.

பெறகென்ன, எல்லாரும் விட ஆரம்பிச்சாச்சு. காலையில சீக்கிரம் போனாத்தான் நிழல் நீளமா விழும், விட்ட அளவுக்கே அது அன்னைக்கு முழுக்கக் கிடக்கும், அதனால எங்க தெருவுல பாதிப் பேரு விடியக்காலம் எந்திரிக்கப் பழகினது இந்தச் சங்கத்தாலதான். குண்டாயிருக்கவளுக்கு என்ன மரியாதைங்கறீங்க! என்னைய அதுவரைக்கும் யாரும் அப்படித் தாங்கினதில்ல, "பிச்சம்மாக்கா வந்தா மூணு பிள்ளை படுக்கலாம்"னு கூப்பிட வருவாளுக. மாடசாமி நிழலுக்கு அடிதடி, அதுல ஒரு பள்ளிக்கூடமே நடத்தலாம், நடத்தவும் செஞ்சோம்: கறுப்பு நிழல் மேல உப்பைத் தூவி ரெஜினா ஆனா ஆவன்னா எழுதிக் காட்டுவா, வெள்ளையா எழுத்து நிக்கும், பிள்ளைக விரலால அதும்மேல எழுதும். பவளம்தான் முதல்ல பேரு எழுதக் கத்துக்கிட்டது. அளத்துப் பொம்பளைகளும் தங்க நிழலை விட்டுப் பாத்தாளுக. முடியல, கூலிக்கு நிக்கிற நிழல் வரப்பைத் தாண்டி வராது, அது பாத்தியோடதான் கிடக்கும்.

ஊரு பேசத்தான் செஞ்சுது. மாதா கோயில் சாமியார்கிட்ட கேட்டதுக்கு, நிழலைக் கொடுக்கக் கூடாதுன்னு எங்கயும் சொல்லல, ஆனா வெளிய நின்னு வேடிக்கை காட்டாம பூசைக்கு உள்ள வந்து உக்காருங்கன்னாரு. அம்மன் கோயில் பூசாரி, "சாமிக்கே நிழல் விழாது, இதுல என்ன தப்பு"ன்னாரு. எங்க வீட்டுக்காரர் மட்டும், "பேய்க்கும்தான் விழாது, நான் உன்னோட குடும்பம் நடத்துதேன், நீ ரெண்டுல எதுன்னு எனக்குத் தெரியும்"னாரு. கொஞ்ச நாள்ல பழகிருச்சு. நிழல் இல்லாம ஒருத்தி தெருவுல போனா, "என்ன, இன்னைக்கு உன் முறையா"ன்னு கேட்டுட்டுப் போவாங்க, அவ்வளவுதான்.

பழகாதது ஒருத்திக்குத்தான். மாடசாமி பொண்டாட்டி மாரிக்கனி. "ஊருப் பிள்ளைக்கெல்லாம் நிழலக் குடுக்கீரு, உம்ம வீட்டுல கூரை ஒழுகுது, அதுக்கு எதைக் குடுக்கப் போறீரு"ன்னு புருசனைக் கரிச்சுக் கொட்டுவா. எங்களைக் கண்டா மூஞ்சியைத் திருப்பிக்குவா. தன் நிழலை ஒரு நாள்கூட விட்டதில்ல, யாரும் மிதிச்சுட்டாக் கூடச் சண்டைக்கு வருவா.

அந்த வருசம் ஐப்பசியில மழை சொல்லாமக் கொள்ளாம வந்துருச்சு. வானம் கறுத்ததும் அளமே அலறிப் புடைச்சுக்கிட்டு அம்பாரத்தை மூட ஓடுது, உப்பு நனைஞ்சா போச்சே, பனையோலையைப் போட்டுக் கயித்தால இறுக்கிக் கட்டணும். சாயங்காலம் நிழலை எடுக்க வந்த நாங்களும் அந்தக் கூட்டத்துல சேர்ந்து ஓடினோம். ஓட்டத்துல என்ன செஞ்சோம்னா, கிடந்த நிழலையெல்லாம் உப்பு இழுக்கிற வாருபலகையால இழுத்து ஒண்ணாக் குவிச்சு, அது மேலயும் ஓலையைப் போட்டுக் கட்டிட்டோம். கையில பழகின வேலை, உப்பு ஊர்ல பிறந்த கை வேற எப்படிப் போகும்? நிழல் உப்பு இல்லங்கிற நினைப்பு ஒருத்தருக்கும் வரல. மழைக்காலம் முடியட்டும், பிரிச்சு எடுத்துக்கிடலாம்னு வீட்டுக்குப் போயிட்டோம்.

மழையோட அளத்து வேலையும் நின்னு போயி, தை மாசம் திரும்பத் தொடங்கையில ஓலையைப் பிரிச்சோம். குவிச்சதெல்லாம் ஒண்ணோடொண்ணு கரைஞ்சு, சேர்ந்து, இறுகி, கல்யாண வீட்டு ஜமக்காளம் மாதிரி ஒரே நிழலாக் கிடக்கு. கொண்டை இல்ல, தோள் இல்ல, ஒல்லி குண்டு இல்ல, எது எவளோடதுன்னு பெத்தவளுக்கும் தெரியாது. ஆளாளுக்குப் போய்க் குதிகாலை வச்சு வச்சுப் பாத்தோம், ஒட்டவே இல்ல. அங்க இருந்த பிள்ளைக மட்டும் ஓன்னு கத்திக்கிட்டு ஓடிப்போய் அது மேல உருண்டுச்சுக, பவளம் அந்தக் கடைசிக்கும் இந்தக் கடைசிக்கும் ஓடினா, அவ வாழ்க்கையிலேயே அன்னைக்குத்தான் ஓடினா. நாங்க எங்க காலடியைப் பாத்துக்கிட்டு நின்னோம். சந்தோசப்படுறதா அழுறதான்னு தெரியல.

ஒரு நாளைக்கு இல்லன்னா பரவாயில்ல, என்னைக்குமே இல்லன்னா ஊரு சும்மா இருக்குமா. மாடசாமி மகளுக்கு ஏரல் பக்கம் மாப்பிள்ளை பேசி முடிச்சிருந்துச்சு. மாப்பிள்ளையோட அம்மா பொண்ணு வீட்டுக்கு வந்தவ, முற்றத்துல நிக்கிற மாடசாமியைப் பாத்துட்டு, "பொண்ணோட அப்பாவுக்கு நிழல் விழலையே, நிழல் இல்லாத கையால தாரை வார்த்துக் குடுத்தா என் மகன் குடும்பம் எப்படி விளங்கும்"னு கேட்டுட்டா. நிழலோட வாங்க, இல்லன்னா கல்யாணம் இல்ல. பொண்ணு சாப்பிடாமக் கொள்ளாமக் கிடந்தா. மாரிக்கனி தலைமுடியை அள்ளி முடிஞ்சுக்கிட்டு நேரா ரெஜினா கடைக்கு வந்தா. "என் மக வாழ்க்கைய வெயில்ல நிறுத்திட்டீங்களே, பாவிகளா! எம் புருசன் பங்கை வெட்டிக் குடு. நீ தையக்காரிதானே, அளந்து வெட்டு"ன்னா.

அவளுக்குப் பின்னால மத்தவங்களும் ஆரம்பிச்சாங்க. ஒருத்தி மகன் வெளிநாடு போகணுமாம், நிழல் இல்லாத அம்மா வழியனுப்பக் கூடாதாம், ஒருத்தி மாமியா வீட்டுக்குள்ள விட மாட்டேங்காளாம். வெட்டிட்டா மிச்சம் ஒண்ணும் இருக்காது, பவளம் திரும்பப் பெட்டிக்குள்ள போகணும். அவ இப்போ வளர்ந்துட்டா, அந்தப் பெட்டிக்குள்ள அடங்கவும் மாட்டா. சீனியம்மா எங்க ஒவ்வொருத்தி வீட்டுக்கும் வந்து நின்னா. ஒண்ணும் கேக்கல, வாசல்ல நின்னுட்டுப் போயிட்டா. ரெஜினா ரெண்டு நாள் மிஷின்ல உக்காரவே இல்ல, அப்புறம், "அவங்க பொருளு, அவங்க கேக்காங்க, நான் எப்படி இல்லன்னு சொல்ல"ன்னு கத்தரிக்கோலை எடுத்துக்கிட்டா.

ஒரு ஞாயித்துக்கிழமை காலை, பூசை முடிஞ்சு, எல்லாரும் லாரியில போனோம். மாரிக்கனியும் வந்தா. வெயில் ஏறிக்கிட்டிருந்துச்சு. நிழல் மேல பிள்ளைக உக்காந்து சுண்டலுக்குக் காத்திருக்குதுக. ரெஜினா டேப்பை எடுத்து நீளம் பிடிச்சா, அகலம் பிடிச்சா. உடனே எங்களுக்குள்ள தகராறு, எம் புருசன் அகலம், நான் குண்டு, நீ பாதி நாள் வரவே இல்ல, நீ நிழலுக்கே வழியில்லாம ஒல்லி. ரெஜினா குனிஞ்சு கோடு போட்டுக்கிட்டே போனவ, நடுவுல உக்காந்திருந்த பவளத்துக்கிட்ட, கடையில துணி மேல உக்கார்ற பிள்ளைகளுக்குச் சொல்லுத பழக்கத்துல, தலையை நிமிராமலே, "எந்திரிம்மா, துணிய விடு"ன்னு சொல்லிட்டா.

அந்தப் பிள்ளை எந்திரிச்சுருச்சு. சொன்ன பேச்சைத் தட்டாத பிள்ளை. நாங்க கத்திக்கிட்டிருந்த இடத்தை விட்டு விலகி, எங்களுக்கு இடம் வேணும்னு நினைச்சுதோ என்னமோ, வரப்பு மேல ஏறிக் கிழக்காமப் போய்க்கிட்டே இருந்துருச்சு. பாத்திக்குள்ளேர்ந்து சீனியம்மா, "ஐயோ எம் பிள்ள!"ன்னு போட்ட சத்தத்துலதான் நாங்க திரும்பினோம்.

வரப்புக் கடைசியில, களம் மாதிரி அகலமான மேட்டுல, நாலா பக்கமும் வெள்ளைக்கு நடுவுல, பவளம் கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு நிக்கா. ஓடினோம். மாடசாமிதான் முதல்ல போய்ச் சேர்ந்தான், அவளுக்கும் சூரியனுக்கும் நடுவுல போய் அந்த அரைக் கதவு அகலத்தை நிமித்தி நின்னான். வெயில் அவனைக் கண்டுக்கவே இல்ல. அவன் நெஞ்சு வழியா நுழைஞ்சு, முதுகு வழியா வந்து, அந்தப் பிள்ளை மூஞ்சியில விழுந்துச்சு. ரெஜினா முந்தானையை விரிச்சா, கட்டின சேலைக்கும் நிழல் இல்ல, கண்ணாடி வழியா வார மாதிரி வெயில் வந்துச்சு. நான் ரெண்டு கையையும் விரிச்சேன். பாத்தியிலேர்ந்து ஏறி ஓடி வந்த சீனியம்மாவோட நிழல், கூலிக்கு நிக்கிற நிழலாச்சே, வரப்பைத் தாண்டாம அங்கயே கிடந்துச்சு. எங்க அத்தனை பேரும் சுவரு மாதிரி நெருக்கி நின்னோம், எங்களுக்குப் பின்னால அந்தப் பிள்ளை வெந்துக்கிட்டிருந்துச்சு. கை நீட்டித் தூக்கப் போனா, தொட்ட இடத்துல தோல் நழுவுது, வீல்னு கத்துது. என் வயசுக்கு நான் அந்த மாதிரி ஒரு கையாலாகாத்தனத்தைப் பட்டதில்ல.

அப்போ எங்க முதுகுக்குப் பின்னால, "தள்ளுங்கட்டி!"ன்னு ஒரு சத்தம். மாரிக்கனி. ஒரு கால்ல செருப்பு இருக்கு, ஒரு கால்ல இல்ல, எங்களைப் பிடிச்சுத் தள்ளிட்டு வந்து பிள்ளைக்குக் கிழக்கால நின்னா. பவளம் மேல நிழல் விழுந்துச்சு. கறுப்பா, முழுசா, தலையிலேர்ந்து கால் மட்டும். அந்தப் பிள்ளை மூச்சு விட்ட சத்தம் எங்க எல்லாருக்கும் கேட்டுச்சு.

"கண்ணத் திறக்காத தாயி, எம் நிழலுக்குள்ளயே நட, அத்தை பின்னாலயே வாரேன்"ன்னா மாரிக்கனி. சேலையை ரெண்டு பக்கமும் றெக்கை மாதிரி விரிச்சுப் பிடிச்சுக்கிட்டா. பிள்ளை ஒரு அடி வச்சா இவ ஒரு அடி, பிள்ளை நின்னா இவளும் நிப்பா. ஒத்தையாள் நடக்கிற வரப்பு, ரெண்டு பக்கமும் உப்புத் தண்ணி. அவ முதுகுல வெயிலை வாங்கிக்கிட்டு அந்தப் பிள்ளையை நடத்திக் கூட்டிப் போனதை என்னன்னு சொல்ல, நான் எத்தனையோ தேரோட்டம் பாத்திருக்கேன், எந்தத் தேரும் அப்படிப் போய் நான் பாத்ததில்ல. அளத்துல வேலை நின்னுருச்சு. பெரிய நிழலுக்குள்ள பவளம் கால் வச்சதும் சீனியம்மா மடியில விழுந்தா, நாங்க துணியை நனைச்சு நனைச்சுப் போட்டோம். கொப்புளம் ஆற மாசக் கணக்காச்சு, வலது கன்னத்துல தழும்பு இருக்கு. கண்ணுக்கு ஒண்ணும் ஆகல, சாமி புண்ணியம்.

மாரிக்கனி விட்ட செருப்பை எடுக்கத் திரும்ப வரப்புக் கடைசிக்குப் போனா. போனவ அங்கயே குத்த வச்சு உக்காந்துட்டா. என்னமோ ஏதோன்னு நாங்க போய்ப் பாத்தோம். பவளம் நின்ன இடத்துல, வெள்ளைத் தரையில, சின்னதா ஒரு நிழல் கிடக்கு. பிறந்ததுலேர்ந்து அந்தப் பிள்ளை வெயில்ல நின்னதே இல்ல, அதனால அவளுக்குன்னு ஒரு நிழல் விழுந்ததே இல்ல. அன்னைக்கு ஒரு தடவை விழுந்துச்சு, அதை அவ அங்கயே விட்டுட்டு வந்திருக்கா. மாரிக்கனி வாயில முந்தானையை வச்சுக்கிட்டு அழுதா, நாங்களும் அழுதோம், மாடசாமி அழுததுல வரப்பே நடுங்குச்சு. மாரிக்கனி திரும்பி வந்து பிள்ளைகிட்ட, "அங்க ஒண்ணு விட்டுட்டு வந்திருக்கியே தாயி, உன் கால்ல சேத்து விடட்டுமா"ன்னு கேட்டா. பவளம் படுத்த மேனிக்கே, "வேண்டாம் அத்தே, இங்கதான் நிறைய இருக்கே"ன்னா.

கத்தரிக்கோலை மாரிக்கனிதான் பிடுங்கி லாரிக்குள்ள எறிஞ்சா. "எவளாவது இதுல கை வச்சா கையை ஒடிச்சுருவேன்"னா. கல்யாணத்துக்கு என்ன செய்யப் போறன்னு நான் கேட்டேன். அவ அந்தப் பெரிய நிழலைக் கை காட்டினா. "ஏக்கா, நிழலுக்குள்ள நிக்கிறவங்கள்ல யாருக்கு நிழல் விழுது?"ன்னா.

வைகாசியில அளத்துலயே கல்யாணம். மாப்பிள்ளையோட அம்மா முறுக்கிக்கிட்டு வந்தவ, லாரியிலேர்ந்து இறங்கி அந்த வெயிலைத் தாண்டி நிழலுக்குள்ள கால் வச்சதும், "அம்மாடி!"ன்னு ஒரு மூச்சு விட்டு உக்காந்தவதான், சாப்பாடு முடியுற வரைக்கும் எந்திரிக்கல. மாடசாமி தாரை வார்த்தான், அவனுக்கும் நிழல் இல்ல, மாப்பிள்ளைக்கும் இல்ல, சம்பந்தியம்மாவுக்கும் இல்ல, யாரு போய் என்னத்தைப் பிரிச்சுப் பாக்க. அளத்துப் பிள்ளைக எல்லாம் முதல் பந்தி. பவளம் பொண்ணுக்குப் பக்கத்துல உக்காந்து அப்பளத்தை நொறுக்கிக்கிட்டிருந்தா.

அன்னைக்கும் பக்கத்துப் பாத்தியில வேலை நடந்துக்கிட்டுத்தான் இருந்துச்சு. புதுசா வேலைக்குச் சேர்ந்த ஒருத்தி, பச்ச உடம்புக்காரி, கைக்குழந்தையைத் துணியில சுத்தித் தூக்கிக்கிட்டு வந்து நின்னா. கல்யாணக் கூட்டத்துல நிழல் முழுக்க ஆளு, ஒரு சாண் இடம் இல்ல. அவ திரும்பினா. பட்டுச்சேலையோட பரிமாறிக்கிட்டிருந்த மாரிக்கனி கரண்டியை என் கையில கொடுத்துட்டு, போய் அந்தப் பிள்ளையை வாங்கினா. வாங்கி, முந்தானையால மூடிக்கிட்டு, வரப்புக் கடைசி வரைக்கும் நடந்து போய், பவளத்தோட நிழல்ல கிடத்தினா. தலையும் உள்ள இருந்துச்சு, காலும் உள்ள இருந்துச்சு. பிள்ளை ஒரு தடவை கொட்டாவி விட்டுட்டுத் தூங்கிருச்சு.